ஈயக்குண்டா, செம்புறைக் குண்டா? குழலில் படியும் ஈயம் பற்றி

கேள்வி, ஜனவரி 11

ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக்கு முதல்முறையாக வார்த்த ஈயக்குண்டை வெடிமருந்தோடு பித்தளைக் கூட்டில் வைத்து நூறு தோட்டா நிரப்பினேன். ஐம்பது சுடுவதற்குள் குழலுக்குள்ளே ஜரிகை ஒட்டின மாதிரி ஈயம் படிந்துவிட்டது. உள்ளங்கை அளவுக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் பலகை முழுக்கச் சிதறுகின்றன. செம்புறை போட்ட குண்டில் இந்தத் தொல்லை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஈயம் குழலைப் பாழாக்கும் என்பதுதான் என் முடிவு. மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா?

ஜனவரி 11, இரவு

உண்டு. உலகத்தில் அதிகம் சுடப்படும் தோட்டாக்களில் ஒன்று .22 லாங் ரைஃபிள். அதில் பெரும்பாலானவை உறை இல்லாத ஈயக்குண்டுகள்தான், மேலே கொஞ்சம் மெழுகோ மசகோ இருக்கும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் சுடுகிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். பல்லாயிரம் தோட்டா பார்த்த குழல் அப்படியே துல்லியமாக இருக்கிறது. ஈயம் எஃகை விட எத்தனையோ மடங்கு மென்மையானது, அது தேய்த்துக் குழல் போகாது. படிகிறது என்றால் வேறு ஏதோ சரியில்லை.

உங்கள் கலவை மென்மையாக இருந்திருக்கும். ஒன்பது மில்லிமீட்டர் அழுத்தம் கூடிய தோட்டா, மெத்தென்ற ஈயம் அதற்குத் தாங்காது. கடினமான கலவைக்கு மாறிப் பாருங்கள்.

ஜனவரி 12

எந்த ஈயம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, தமிழில் காரீயம், வெள்ளீயம் இரண்டையும் பேச்சில் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே நான் ஈயம் என்றால் காரீயம். அது 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வார்க்கிறவர்கள் காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும் ஆண்டிமனியும் சேர்ப்பார்கள். ஆண்டிமனி கடினத்துக்கு. வெள்ளீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாகப் போய் நிறையும். நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தாலே போதும், அதற்கு மேல் போடுவது பெரும்பாலும் வீண்.

பிரினெல் கடின எண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சுத்தமான காரீயம் 5. காரீயம் 90, வெள்ளீயம் 5, ஆண்டிமனி 5 என்ற பழைய லைமன் 2 கலவை சுமார் 15. அச்சகங்களில் வரி வார்க்கப் பயன்பட்ட லைனோடைப் உலோகத்தில் காரீயம் 84, ஆண்டிமனி 12, வெள்ளீயம் 4. அது 22 வரைக்கும் போகும். கார் சக்கரத்தில் கவ்வி நிற்கும் பழைய ஈய எடைக்கட்டி இவற்றுக்கு நடுவில், 11 அல்லது 12.

ஜனவரி 14

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். அவர் வார்க்கவே இல்லையாம், கடையில் வாங்கிய குண்டுகள்தானாம். பெட்டியில் கடின எண் 18 என்று அச்சடித்திருக்கிறதாம். அப்படியானால் 11ஆம் தேதி நான் எழுதியது தப்பு, மென்மை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் முதல் வருடத்திலும் இதே பதில்தான் எனக்குக் கிடைத்தது: ஈயம் படிகிறதா, இன்னும் கடினமாக்கு. அப்படியே செய்தேன், இன்னும் மோசமானது. அந்த அனுபவத்தை மறந்துவிட்டு அதே பதிலை உங்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 19

இப்போது நிதானமாக எழுதுகிறேன். ஈயக்குண்டுக்கு முதல் கேள்வி கடினம் அல்ல. குழலுக்குப் பொருந்துகிறதா என்பதுதான்.

குழலின் உள்ளே வரிப்பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் சுருளாக ஓடுகின்றன. குண்டு பள்ளத்தின் அடிவரை நிறைந்து உட்கார வேண்டும். ஒரு மயிரிழை குறைந்தாலும் மருந்து எரிந்த வாயு அந்த இடுக்கு வழியாகப் பீறிட்டு முன்னே ஓடும். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஈயத்தின் ஓரம் அரித்து, தெறித்து, குழல் சுவரில் ஒட்டும். அடுத்த குண்டு வந்து அதை இஸ்திரி போட்டதுபோல் தேய்த்து விடும். நீங்கள் பார்த்த ஜரிகை அதுதான்.

மென்மையான குண்டு கொஞ்சம் சிறிதாக இருந்தாலும் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் அடி உப்பிக்கொண்டு பள்ளத்தை அடைத்துவிடும். 1849இல் பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே செய்த குண்டு முழுக்க இந்த ஒரு சூத்திரத்தில் ஓடியது. அடியில் குழிவான மென்ஈயம், முன்வாய் வழியாக எளிதாக உள்ளே போகும், சுடும்போது விரிந்து வரிகளைப் பிடிக்கும். கடினமான குண்டு அப்படி உப்பாது. சிறிதாக இருந்தால் சிறிதாகவே போகும், வாயு வழி நெடுக அதை அரித்துக்கொண்டே வரும். அளவு குறைந்த கடினக் குண்டுதான் எல்லாவற்றிலும் மோசம். கடையில் விற்பவை பல அந்த ரகம்.

செம்புறைக் குண்டு இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். உறை உலோகம் பெரும்பாலும் செம்பு 95, துத்தநாகம் 5. அது சட்டென்று அரிக்காது. அதனால்தான் ஒன்பது மில்லிமீட்டருக்கு 0.355 அங்குலச் செம்புறைக் குண்டை யார் குழலில் போட்டாலும் ஓரளவு சரியாகவே போகிறது. ஈயக்குண்டு உங்கள் குழலின் அளவைக் கேட்கும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு அளவு சொல்லி அதைத் திருப்திப்படுத்த முடியாது.

ஜனவரி 20

குழலை அளப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள். குழலைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். பள்ளத்தின் அளவைவிடச் சற்றே பெரிய சுத்த ஈய உருண்டை ஒன்றைக் குழலின் வாயில் வைத்து மர சுத்தியால் தட்டி இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியாலோ மரக்குச்சியாலோ மெல்லத் தள்ளுங்கள். முதல் அங்குலம் இறுக்கமாக இருக்கும், அதற்குப் பிறகு ஒரே சீராக வழுக்கிக்கொண்டு வரவேண்டும். நடுவில் திடீரென்று இளகினால் அந்த இடத்தில் குழல் அகலம். இறுகினால் அங்கே குறுகல். இது எந்த அளவுகோலும் சொல்லாத செய்தி, கையில்தான் தெரியும்.

வெளியே வந்த உருண்டையில் வரிகள் பல் பல்லாகப் பதிந்திருக்கும். உயர்ந்து நிற்கும் பல்தான் பள்ளத்தின் அச்சு. எதிரெதிர் பற்களை மைக்ரோமீட்டரில் பிடித்து அளங்கள். அந்த அளவோடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில குழல்களுக்கு இரண்டு பங்கு, கூட்டினால் உங்கள் குண்டின் அளவு. ஐந்து பள்ளம் உள்ள குழல் என்றால் எதிரே பல் இருக்காது, நேராக அளக்க முடியாது. அதற்கு வி வடிவத் தாங்கி வேண்டும்.

ஜனவரி 20, பின்குறிப்பு

வெர்னியர் காலிப்பரில் அளக்காதீர்கள். இந்த வேலைக்கு அது போதாது, மைக்ரோமீட்டர்தான்.

பிப்ரவரி 2

"ரிவால்வரில் மட்டும் ஏன் சிலருக்கு என்ன செய்தும் ஈயம் படிகிறது?"

என் .38 அப்படித்தான் என்னை ஒரு கோடைக்காலம் முழுக்க அலைக்கழித்தது. பள்ளம் 0.357, குண்டு 0.358, கணக்கு சரி. ஆனாலும் குழல் தொடங்கும் இடத்தில் முதல் விரற்கடை அளவுக்கு ஈயம் அப்பிக்கொள்ளும். கலவையை மாற்றினேன், மசகை மாற்றினேன், மருந்து ரகத்தை மாற்றினேன். அசையவில்லை.

எனக்கு வார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் வந்து பார்த்தார். அளவு பார்த்துவைத்திருந்த ஒரு குண்டை எடுத்தார், சிலிண்டரின் முன்வாய் வழியாக ஒவ்வொரு துளையிலும் வைத்து விரலால் அழுத்தினார். ஆறில் நான்கில் குண்டு நின்றது. நுழையவே இல்லை. "குழலுக்குப் போறதுக்கு முன்னாடியே இது இளைச்சுடுது, அப்புறம் அங்க போய் எப்படி நிறையும்?" என்றார். அவ்வளவுதான். சிலிண்டர் தொண்டை, அதாவது அந்தத் துளைகளின் முன்பக்கம், 0.356 இருந்திருக்கிறது. 0.358 குண்டு அதில் பிழிந்து 0.356 ஆகி, 0.357 குழலில் ஆடிக்கொண்டு போயிருக்கிறது. பட்டறையில் ஆறு தொண்டைகளையும் 0.358க்குச் சீராகத் துளைத்து வாங்கியபின் அதே கலவை, அதே மசகு, அதே மருந்து. நூறு தோட்டாவுக்குப் பிறகும் குழல் கண்ணாடி மாதிரி இருந்தது.

ரிவால்வரில் தொண்டை குழலைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது. இதை மட்டும் முதலில் பாருங்கள்.

பிப்ரவரி 3

படிந்த ஈயத்தை எப்படி எடுப்பது என்பது பற்றி. வெண்கலத் தூரிகையில் சுத்தமான செம்பு நார் சில இழைகளைச் சுற்றி, உலர்ந்தபடியே குழலில் இழுத்தால் போதும். ஈயம் செதில் செதிலாக, கிழிந்த தாள் போல வந்து விழும். நார் செம்புதானா என்று காந்தம் வைத்துப் பாருங்கள், செம்பு பூசின இரும்பு நாரும் உண்டு.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து குழலில் ஊற்றினால் ஈயம் கரைந்துவிடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. கரையும், உண்மைதான். கரைந்து வருவது ஈய அசிட்டேட். திட ஈயத்தைவிட உடம்புக்குள் போவதற்கு மிக எளிதான நஞ்சு. குழலையும் அரிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நாலு செம்புறைக் குண்டு சுட்டால் ஈயம் வெளியே போய்விடும் என்று நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். போவது கொஞ்சம், மீதி செம்புக்கு அடியில் அமுங்கி இறுகிவிடுகிறது. குறுகிய குழலில் குண்டு போனால் அழுத்தமும் ஏறும். வேண்டாம்.

இன்னொன்று, இது எதிர்ப்பக்கம். செம்புறைக் குண்டு சுட்ட குழலில் செம்பு படிந்திருக்கும், அதன் மேல் ஈயம் சுலபமாக ஒட்டும். ஈயத்துக்கு மாறுமுன் அமோனியா சேர்ந்த கரைப்பான் போட்டுத் துணி நீலமாக வருவது நிற்கும்வரை துடைத்துவிடுங்கள்.

பிப்ரவரி 16

இன்று காலை நாலு மணிநேரம் வார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பானையில் ஈயம் உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டும். அதை அப்படியே வழித்து எறிந்துவிடக் கூடாது, அதில் வெள்ளீயமும் ஆண்டிமனியும் இருக்கிறது. சுண்டைக்காய் அளவு தேன்மெழுகு போட்டுக் கிளறினால் புகைந்து, சட்டென்று தீப்பிடித்து, அடங்கும். மேலே கறுப்புப் பொடி மட்டும் மிஞ்சும், அதற்குக் கீழே உலோகம் பாதரசம் போல மின்னும். கரண்டியால் அந்தப் பொடியை ஒதுக்கிவிட வேண்டும்.

அச்சு சூடேறும்வரை முதல் பத்துப் பன்னிரண்டு குண்டும் சுருக்கம் விழுந்துதான் வரும். அவை திரும்பப் பானைக்கே. அச்சு பதத்துக்கு வந்துவிட்டது என்பதை ஊற்றுவாயின் மேல் நிற்கும் ஈயமே சொல்லும். பளபளவென்று குமிழாக நிற்கும், மூன்று நாலு எண்ணுவதற்குள் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து சட்டென்று மங்கும். அப்போது இன்னும் ஒரு மூச்சு பொறுத்து அச்சின் மேலுள்ள ஊற்றுவாய்த் தகட்டைத் திருப்பினால் 'கட்' என்று சுத்தமாக வெட்டுப்படும். அவசரப்பட்டால் அடியில் பள்ளம் பறிந்துகொண்டு வந்துவிடும், அச்சின் மேலும் ஈயம் தீற்றிக்கொள்ளும்.

அடி பறிந்த குண்டைத் தயங்காமல் பானையில் போடுங்கள். மூக்கில் சின்ன வடு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர் பல வருடம் குண்டுகளின் மூக்கையும் அடியையும் வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்து 1909இல் முடிவுகளை வெளியிட்டார். மூக்கைச் சிதைத்தவை கிட்டத்தட்ட ஒழுங்காகவே போயின, அடியைச் சிதைத்தவை தறிகெட்டுப் போயின. குண்டு குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடியால்தான். அது ஒரு பக்கம் குறைந்திருந்தால் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு குண்டைத் தள்ளிவிடும்.

மேலே வெண்பனி படர்ந்ததுபோல் மங்கலாக வரும் குண்டு கெட்டது என்று நினைக்காதீர்கள். அச்சு கொஞ்சம் சூடு அதிகம், அவ்வளவே. பலகையில் குண்டுகள் நெருக்கமாக விழுந்த என் நல்ல நாட்கள் பல அந்த மங்கல் குண்டுகளில் கிடைத்தவை.

பிப்ரவரி 17

நேற்று சொல்லாமல் விட்டது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. தண்ணீர். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி ஈரம் புகுந்தால் அது நொடியில் நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். பானையில் இருப்பது கூரைக்குப் போகும். வெளியில் கிடந்த ஒரு கட்டியைக் காய்ந்திருக்கிறது என்று நம்பிப் பானைக்குள் போட்டேன், ஏழு வருடம் முன்பு. அடியில் ஒரு விரிசலில் ஈரம் இருந்திருக்கிறது. கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் தோல் கையுறையும் போட்டிருந்ததால் கழுத்தில் ஒரு தழும்போடு போனது. புதிதாகச் சேர்க்கும் கட்டியை இப்போதெல்லாம் பானை குளிர்ந்திருக்கும்போதே அடியில் வைத்து, அதோடு சேர்த்துத்தான் சூடேற்றுகிறேன்.

பிப்ரவரி 17, இரவு

சக்கர எடைக்கட்டி பற்றி ஒரு வரி. இப்போது துத்தநாகத்திலும் இரும்பிலும் நிறைய வருகிறது. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். பானையை 370க்குள் வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், பொறுக்கி எடுத்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் உலோகம் சேறு மாதிரி ஆகி அச்சு நிறையவே நிறையாது.

பிப்ரவரி 28

"இத்தனை ஈயத்தோடு புழங்கினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

வார்க்கும் சூட்டில் ஈயம் ஆவியாகிப் பறப்பது மிகக் குறைவு, அதன் கொதிநிலை 1,700 டிகிரிக்கு மேல். ஆபத்து தூசியில் இருக்கிறது. வழித்தெடுத்த கசடுப் பொடி, சுட்ட கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் சாதனத்தின் புழுதி, கையில் ஒட்டிய கறுப்பு. இவை வாய் வழியாகப் போகும். காற்றோட்டமான இடம், வேலை நடக்கும்போது தின்னாமல் குடிக்காமல் இருப்பது, முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவது, அந்த உடையைத் தனியாகத் துவைப்பது. குழந்தைகள் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. நான் வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்கிறேன்.

செம்புறைக்கு மாறினால் ஈயமே இல்லை என்று நினைப்பவர்களுக்கு: உறைக்குள் இருப்பதும் ஈயம்தான். சாதாரண முழு உறைக் குண்டு பலவற்றில் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். கூடவே மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஈய ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. மூடிய சுடுதளத்தில் நீங்கள் மூச்சில் இழுப்பதில் அதன் பங்கு பெரிது. எந்தக் குண்டு போட்டாலும் கை கழுவுங்கள்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் குழலை அளந்துவிட்டார். பள்ளம் 0.355. அவருடைய குண்டு 0.356. பொருந்துகிறது! ஆனாலும் ஈயம் படிகிறது. ஜனவரி 19இல் நான் அத்தனை உறுதியாக எழுதியதெல்லாம் ஆட்டம் கண்டது.

இரவு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் என் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாக்களில் ஒன்றை எடுத்து, தட்டி இழுக்கும் சுத்தியில் மாட்டி, குண்டை வெளியே எடுத்து அளந்தேன். போட்டது 0.356. வெளியே வந்தது மேல்பாகத்தில் 0.356, அடியில் 0.354. இன்னும் நாலு பிரித்தேன். எல்லாம் அப்படியே.

பித்தளைக் கூடுதான் குண்டை நெரிக்கிறது. ஒன்பது மில்லிமீட்டர் கூட்டின் சுவர் கீழே போகப் போகத் தடித்துக்கொண்டே போகும். கூட்டின் வாயை விரிக்கும் முனை செம்புறைக் குண்டின் 0.355க்காகச் செய்தது, அதைவிடக் குறைவாகவே விரிக்கிறது. செம்புறைக் குண்டு அந்த இறுக்கத்தைச் சட்டை செய்யாது. ஈயம் நெகிழ்ந்துவிடும். குழலில் புகுமுன் அடி இளைத்துவிடுகிறது. என் பெரியவர் சிலிண்டரில் காட்டிய அதே கதை, இடம் மட்டும் வேறு.

கடின எண் 18 என்று அச்சடித்த குண்டும் நெரிகிறதா என்று கேட்டால், அதைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கேள்வி கேட்டவரே, ஒரு தோட்டாவைப் பிரித்து அடியை அளந்து சொல்லுங்கள்.

மார்ச் 10

தோட்டாவைப் பிரிக்கச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. ஈயத்துக்கு உள்ள மருந்து அளவு வேறு, செம்புறைக்கு உள்ளது வேறு. ஈயம் குழலில் குறைந்த உராய்வோடு போகும், கொஞ்ச மருந்திலேயே வேகம் பிடிக்கும். ஈயக்குண்டுக்கான மிக இலேசான அளவைச் செம்புறைக் குண்டுக்குப் போட்டால் அது குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கும். சத்தம் குறைவாகவோ உதைப்பு மந்தமாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்திக் குழலைப் பாருங்கள். எந்தக் குண்டோ அந்தக் குண்டுக்கென்று அச்சான கையேட்டு அளவை எடுங்கள், அதிலும் மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். நான் இங்கே எந்த அளவும் எழுதமாட்டேன்.

இலேசான மருந்தில் இன்னொரு ஆபத்து, இரண்டு முறை விழுந்தாலும் கூட்டில் இடம் இருக்கும். நான் ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்திக் கைவிளக்கு அடித்து ஒவ்வொன்றின் மருந்து மட்டத்தையும் பார்த்த பிறகுதான் குண்டு வைக்கிறேன். பேசிக்கொண்டே நிரப்புவதில்லை.

மார்ச் 30

செம்புறையை நான் பழிக்கிறேன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். இல்லை. அதற்கென்று இடம் இருக்கிறது, அந்த இடத்தில் ஈயம் எட்டாது.

1880களில் பிரான்ஸில் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தபின் குண்டின் வேகம் ஒரே தாவலாக ஏறியது. வெறும் ஈயம் அந்த வேகத்தில் வரிகளைப் பிடிக்காமல் வழுக்கியது, உருகி ஒட்டியது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882இல் செம்புறைக் குண்டைச் செய்திருந்தார். 1886இன் லெபெல் ரைஃபிள் உறைபோட்ட குண்டோடுதான் வந்தது. அந்தத் தேவை இன்றும் மாறவில்லை. வெறும் அடியுள்ள ஈயக்குண்டை நான் வினாடிக்கு சுமார் 425 மீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. அடியில் சின்னச் செம்புத் தொப்பி மாட்டினால் 600 வரை நிம்மதியாகப் போகலாம். .30-06 போன்ற ரைஃபிள் 800க்கு மேல் சாதாரணமாகத் தள்ளும். அங்கே போய் ஈயத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வாயுவால் இயங்கும் தானியங்கி ரைஃபிளில் ஈயமும் மசகும் வாயுத்துளையை அடைக்கும். பலகோண வரிக் குழல்களுக்கும் வெறும் ஈயம் ஆகாது, அப்படிப்பட்ட குழலுள்ள க்ளாக் துப்பாக்கியின் கையேடே வேண்டாம் என்கிறது. மற்றபடி இலக்குப் பலகையில் துளை போட, நிதான வேகத்தில், வாரம் இருநூறு சுட, ஈயத்துக்கு நிகர் எனக்கு எதுவும் இல்லை. குழலும் நீடிக்கிறது.

ஏப்ரல் 6

மசகு போதுமா என்று எப்படித் தெரியும்? சுட்டு முடித்ததும் குழல் வாயின் விளிம்பைப் பாருங்கள். பள்ளத்துக்கு ஒன்றாக மசகுக் கதிர்கள் நட்சத்திரம் போலப் பதிந்திருந்தால் மசகு கடைசிவரை தாங்கியிருக்கிறது. விளிம்பு காய்ந்து கிடந்து, ஈயம் குழலின் கடைசிப் பாதியில் மட்டும் படிந்தால் மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது. தொடக்கத்திலேயே படிந்தால் அளவுதான் சரியில்லை. படிந்த இடத்தைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். இதை ஜனவரி 11ஆம் தேதியே கேட்டிருந்தால் இத்தனை சுற்று சுற்றியிருக்க வேண்டாம்.

நான் போடுவது பழைய கலவை, தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் சரிபாதி.

ஏப்ரல் 20

குண்டுக்கு வண்ணப்பொடி பூசி அடுப்பில் சுடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஆறு மாதமாகச் செய்கிறேன். பிளாஸ்டிக் டப்பாவில் குண்டும் பொடியும் போட்டுக் குலுக்கி, 200 டிகிரியில் இருபது நிமிடம். அதற்கென்று தனி மின்னடுப்பு, சமையலறை அடுப்பு கூடவே கூடாது. மசகு இல்லை, புகை இல்லை, கையில் ஈயம் ஒட்டுவது வெகுவாகக் குறைகிறது. ஆனால் பூச்சு குண்டின் அளவைக் கூட்டும், அடுப்பில் சுட்ட பிறகு, குண்டைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் அளவுத்துளையில் மறுபடி தள்ள வேண்டும். அளவு குறைந்த குண்டைப் பூச்சு கொஞ்சம் மன்னிக்கிறது, முழுக்க மன்னிப்பதில்லை. கூடு நெரிப்பதும் அப்படியேதான் இருக்கிறது, பிரித்து அளந்துவிட்டேன்.

மே 4

கேள்வி கேட்டவரிடமிருந்து: "பிரித்தேன். அடி 0.3545. பெட்டியில் 0.356 என்று இருக்கிறது, பிரிக்காத குண்டை அளந்தால் அதுவும் 0.356தான்."

அதுதான். கடினமான குண்டு என் குண்டைவிடக் கொஞ்சம் குறைவாக நெரிந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் 0.355 பள்ளத்துக்கு அது குறைவுதான். ஒரு அளவு பெரிய விரிப்பு முனை வாங்குங்கள். வாய் விரிந்த கூட்டில் குண்டை விரலால் வைத்தால் அடி நேராக உட்கார வேண்டும், ஓரம் சீவி ஈயச் சுருள் வரக்கூடாது. ஈயச்சுருள் தெரிந்தால் இன்னும் துளி விரியுங்கள். பிறகு ஒரு தோட்டா நிரப்பி, பிரித்து, அளங்கள். 0.356 வரும்வரை மருந்துப் பக்கமே போகவேண்டாம். நிரப்பிய தோட்டா குழலின் அறையில் தானாக விழுந்து, 'டொக்' என்று உட்கார்ந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வரவேண்டும். அதையும் பாருங்கள், விரித்த கூடு சில அறைகளில் சிக்கும்.

ஜூன் 1

"புது முனை போட்டேன். பிரித்தால் 0.356, அடி வரைக்கும். குழலைச் செம்பு, ஈயம் இரண்டும் போகச் சுத்தம் செய்துவிட்டு இன்று நாற்பது சுட்டேன். முதல் அங்குலத்தில் ஒரு சாம்பல் படலம், துணியால் துடைத்ததும் போய்விட்டது. அதே குண்டு, அதே பெட்டி."

படம் பார்த்தேன். குழல் வாயில் ஆறு கதிரும் தெரிகிறது. அடுத்த முறை நூறு சுட்டுவிட்டுத் துடைக்காமல் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், குழலின் கடைசிப் பாதி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.